‘எங்கட ஊடு’ என்றொரு விலாசம்

சி.சி. மௌத்தாகிவிட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னவர் பஸ் நடத்துனர். காரைதீவுச் சந்தியில் ஏழரை மணி பஸ்ஸில் நான் காலெடுத்து வைத்ததும், “உங்கட பழைய சி.சி. விடியச் சுபஹோட மௌத்தாம் மிஸ். பகல் லுஹருக்கு முன்னம் அடக்கமாம்” என்று மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு எனக்கு டிக்கெட் கிழிக்காமலே அடுத்த ஆளிடம் போய்விட்டார். அந்த வீதியில் ஓடும் பஸ்காரர் எல்லாருக்கும் அவரைத் தெரியும், அவருக்கும் எனக்கும் உள்ள பழக்கமும் தெரியும். நான் கல்முனைக் கந்தோருக்குப் போகாமல் சாய்ந்தமருதில் இறங்கினேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சி.சி. என்றால் சீஃப் கிளார்க், கந்தோரின், அதாவது அரசாங்க அலுவலகத்தின், தலைமை எழுதுவினைஞர். அவருடைய பெயர் ஆதம்பாவா. பிறந்தது நிந்தவூர், மணம் முடித்தது சாய்ந்தமருது. பதினைந்து வருடத்துக்கு மேலாக அவருடைய மேசைக்கு எதிர் மேசையில் இருந்து தட்டெழுத்து அடித்தவள் நான். எங்கள் கந்தோரின் முழுப் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பக்கூடியவர்கள் இன்னும் பதவியில் இருக்கிறார்கள். வயல்களுக்கு முறைத் தண்ணீர் பிரித்துக் கொடுக்கும் கந்தோர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை சிக்கலானதல்ல. மேலே குளத்திலிருந்து எத்தனை நாள் தண்ணீர் வரப்போகிறது என்று அம்பாறையில் இருக்கும் பொறியியலாளர் சொல்வார். எந்த வாய்க்காலில் யார் எத்தனை நாள் பாய்ச்சுவது, யார் வரப்பில் தண்ணீர் புகும் வாயான தங்கள் வக்கடையை மூடிக் கட்டி அடுத்தவருக்குத் தண்ணீர் விடுவது என்று முறைக் கொப்பியைப் பார்த்துத் துண்டு எழுதுவது நாங்கள். அந்தத் துண்டை வாங்கிப்போய் வயலில் நடைமுறைப்படுத்துவது ஊரூராக வயல்களைக் கண்காணிக்கும் வட்டவிதானைமார். துண்டில் கந்தோர் முத்திரை இருந்தால் யாரும் மறுகதை கதைப்பதில்லை. முத்திரை இல்லாவிட்டால் மண்வெட்டிதான் கதைக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவரை எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் வந்ததும் வேட்டியைத் தூக்கிக்கட்டிய விவசாயிகளுடன் வாசலில் நின்று அரை மணித்தியாலம் கதைப்பார். பிறகு உள்ளே வந்து நான் அடித்த கடிதங்களில் ஒற்றுப் பிழை பார்ப்பார். ஒரு ‘க்’ விட்டுப்போனாலும் திரும்ப அடிக்க வேண்டும். பொறுக்கமுடியாமல் ஒருநாள், “ஒரு ‘க்’ இல்லாட்டித் தண்ணி ஓடாதா சேர்?” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. தண்ணீர் ஓடும், ஆனால் படித்தவன் ஒருவன் கடிதத்தைப் பார்த்துச் சிரித்தால் அதிலுள்ள முத்திரையையும் சேர்த்துச் சிரிப்பான் என்றார். அன்று முதல் அவர் எனக்குச் ‘சேர்’ இல்லை, ‘நானா’; முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் அவருக்குப் ‘புள்ள’. வயதில் ஏழெட்டு வருடம்தான் மூத்தவர்.

எங்கள் கரையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இங்கே ஊர்கள் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கிடக்கின்றன. மருதமுனை முஸ்லிம் ஊர், பாண்டிருப்பு தமிழ் ஊர், கல்முனையில் இரண்டு பேரும். பிறகு சாய்ந்தமருது முஸ்லிம், என்னுடைய காரைதீவு தமிழ், நிந்தவூர் முஸ்லிம். எல்லாவற்றுக்கும் ஒரே வீதி. நல்ல நாளில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணித்தியாலம் போதும். கெட்ட நாளில் ஓரிடத்தில் டயர் எரிந்தால் அடுத்த ஊர் வெளிநாடு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களுக்குக் கெட்ட நாட்களே அதிகமாக இருந்தன.

அப்படியொரு கலவரத்தில் ஊரடங்குப் போட்டு இரண்டு கிழமைக்கு மேல் கந்தோர் பூட்டிக் கிடந்தது. முறைக் கொப்பிகள் எல்லாம் உள்ளே அலுமாரியில். அந்த நாட்களில்தான் மேலே தண்ணீர் திறந்தார்கள். துண்டு எழுத ஆளில்லை. வாய்க்காலின் தலைப்பில் வயல் உள்ளவர்கள் பாய்ச்சிக்கொண்டே இருந்தார்கள், கடைசியில் உள்ளவர்களுக்கு வாய்க்காலின் ஈரம்கூட வரவில்லை. கந்தோர் திறந்த அன்று காரைதீவு வட்டவிதானை கணபதிப்பிள்ளை வந்தார். மூன்றாம் வாய்க்காலின் கடைசி வயல் அவருடையது. சி.சி.யின் மேசையில் ஒரு நெற்கதிரை வைத்து நெல்லை விரலால் நசுக்கிக் காட்டினார். எல்லாம் சப்பி, உள்ளே அரிசி இல்லாத வெறும் பதர்.

“தண்ணி வந்தது, போனது. கந்தோர் பூட்டிக் கிடந்தது” என்றார்.

அவர் மூத்த மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கல்யாணம் இல்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இதில் ஒரு வித்தியாசமும் கிடையாது. கணபதிப்பிள்ளையின் மகளுடைய வீடு சுவரோடு நின்றது. கூரைக்கு அந்த வேளாண்மையைத்தான் நம்பியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் இன்னொரு வெட்டு, அதாவது அடுத்த அறுவடை வரை பொறுப்போம், அதற்கு மேல் வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம் அவர் சி.சி.யிடம் சொல்லவில்லை, நான்தான் பிறகு சொன்னேன். எங்கள் ஊர்க் கதை எனக்குத் தெரியாதா.

சி.சி. அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மாலையில் என்னிடம் வந்து, “கந்தோர் பூட்டுற நாளிலதான் புள்ள கந்தோர் வேணும்” என்றார். அதற்கு அடுத்த கிழமை தகரப்பெட்டிகள் வந்து இறங்கின.

அவருடைய யோசனை இதுதான். ஒவ்வொரு வாய்க்காலின் முறைக் கொப்பிக்கும் ஒரு பிரதி எழுதுவது. அதை ஒரு பெட்டியில் போட்டு ஒரு எழுதுவினைஞரின் வீட்டில் வைப்பது. பெட்டிக்குள் துண்டுக் கட்டு, காபன் கடதாசி, முத்திரை, மைப்பெட்டி, இரண்டு பென்சில், ஒரு மெழுகுதிரி. வீதி மூடினால் அவரவர் வீடே கந்தோர். பொறியியலாளர் சொல்லும் நாட்கணக்கு வந்து சேர்வதற்கு, தொலைபேசி உள்ள கடைகளாகப் பார்த்து ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். வட்டவிதானைமாருக்கு, எந்த வாய்க்காலுக்கு எந்த வீடு என்ற பட்டியல். அரச கோப்புகளை வீட்டுக்குக் கொண்டுபோவது குற்றம் என்று சுற்றுநிருபம் இருந்தது. பொறியியலாளரிடம் அனுமதி கேட்டபோது, இதை எழுத்தில் கேட்டுவிடாதே என்று மட்டும் சொன்னாராம். சி.சி. அதை ஆமென்று எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் வாய்க்காலின் பெட்டியை என்னிடம் தாருங்கள், கணபதிப்பிள்ளை அண்ணன் என் வீட்டுக்கு நாலு வளவு தள்ளித்தான் இருக்கிறார் என்று நான் கேட்டேன். அவர் சம்மதிக்கவில்லை. அந்த வாய்க்காலில்தான் போனமுறை அநியாயம் நடந்தது, அது என் கையில் இருக்கட்டும் என்றார். எனக்கு இரண்டாம் வாய்க்காலைத் தந்தார். நல்ல மனிதர்களுக்கும் இப்படி ஒரு பிடிவாதம் இருக்கும்.

பெட்டிகளைக் கொடுக்கும்போது அவர் ஒரு புது ஒழுங்கு கொண்டுவந்தார். பெட்டிக்குக் கையொப்பம் வைக்க வேண்டியவர் எழுதுவினைஞர் அல்ல, அவருடைய மனைவி. ஆண் எழுதுவினைஞர்கள் முகத்தைச் சுளித்தார்கள். சி.சி. விடவில்லை. “ஊடு எண்டா பொம்புளையிட. அவட ஊட்ட நாம ஒரு சாமான் வெக்கிறதெண்டா அவதான் ஓம் எண்டு சொல்லணும்” என்றார். கந்தோரும் சீதனமாகப் போகிறதா நானா என்று நான் கேட்க, ஓம், மாப்பிள்ளை மட்டும்தான் வரவில்லை என்று சிரித்தார். அவருடைய மனைவி றஹ்மத்தும்மா அறபு எழுத்தில் கையொப்பம் வைத்திருந்தார். பின்னால் வந்த கணக்காய்வாளர் அதைத் தலைகீழாகப் பிடித்து வாசிக்கப் பார்த்தது எங்களுக்கு ஒரு கிழமைச் சிரிப்பு.

எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஒரு புதன்கிழமை ஒத்திகை வைத்தார். நாட்டில் ஒரு பிரச்சினையும் இல்லாத நல்ல நாள். கந்தோரைப் பூட்டிவிட்டு எங்களை எல்லாம் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார். நான் அடுப்பில் கறியை வைத்துக்கொண்டு துண்டு எழுதினேன், கறி அடிப்பிடித்துவிட்டது. இன்னொருவர் பாயில் படுத்தபடி எழுதி அப்படியே தூங்கிப்போனார். அன்று பார்த்து மேலதிகாரி ஒருவர் அம்பாறையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கியிருக்கிறார். கந்தோர் கதவில் பூட்டு. முன்னால் வேப்பமரத்தடியில் சி.சி. சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திறக்கச் சொன்னதற்கு, “இண்டைக்குக் கந்தோர் ஊட்டில சேர். இஞ்ச திறந்தா ஒத்திகை கெட்டுப்போகும்” என்றாராம். அந்த அதிகாரி அதை மறக்கவில்லை, மன்னிக்கவுமில்லை.

ஒத்திகையில் துண்டுகள் எல்லாம் நேரத்துக்கு வந்து சேர்ந்தன. வீடு வீடாகப் போய் எடுத்து வந்தவர் எங்கள் பியோன். அவருக்கு ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார்கள் என்பது கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். பட்டியலை அவர் விரித்தே பார்க்கவில்லை. எங்கள் பிழை வெளிவராமல் போனது அதனால்தான்.

அந்தப் பட்டியலை அடித்தவள் நான். விலாசங்களை ஒவ்வொருவருடைய தனிக்கோப்பிலிருந்து எடுத்தேன். தனிக்கோப்பில் இருப்பது ஒருவர் முதன்முதல் அரச வேலைக்கு விண்ணப்பித்தபோது எழுதிய விலாசம். பெண்களுக்கு அது மாறுவதில்லை, நாங்கள் பிறந்த வளவிலேயே வீடு கட்டி இருந்துவிடுகிறோம். ஆண்கள் அப்போது கல்யாணமாகாதவர்கள், தாய் வீட்டிலிருந்து விண்ணப்பித்தவர்கள். பிறகு மனைவியின் வீட்டுக்குப் போனவர்கள். யார் எங்கே இருக்கிறார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே, கோப்பில் கண்டதைக் கண்டபடி அடித்தேன். சி.சி. வாசித்துக் கையொப்பம் வைத்தார். வீடு பெண்ணுடையது என்று மனைவிமாரிடம் கையொப்பம் வாங்கிய மனிதரும், அதைப் பார்த்துக் கேலி செய்த நானும், ஆண்கள் எல்லாருக்கும் தாய் வீட்டு விலாசத்தைக் கொடுத்து ஒரு பட்டியலைத் தயாரித்துவிட்டோம்.

அதற்குப் பிறகு சிறு சிறு அடைப்புகள் வந்தன, போயின. பெட்டி திறக்க வேண்டிய தேவை வரவில்லை. வந்தது அடுத்த சிறுபோகத்தில், கோடை வேளாண்மையில். மறுபடி ஊரடங்கு, எங்கள் ஊருக்கு இரண்டு பக்கமும் வீதியில் தடை. நெல் குடலையில் நின்ற நேரம். அப்போது தண்ணீர் தவறினால் கதிர் வெளியே வரும்போதே சப்பியாகத்தான் வரும். முதல் நாள் காலையிலேயே கடைத் தொலைபேசியில் செய்தி வந்தது. ஐந்து நாளைக்குத் தண்ணீர், அதற்கு மேல் இல்லை.

என் பெட்டியிலிருந்து இரண்டாம் வாய்க்காலுக்கான துண்டுகளை அன்று பத்து மணிக்குள் எழுதிக் கொடுத்துவிட்டேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. மாலையில் கணபதிப்பிள்ளை அண்ணன் வந்தார். கால் இரண்டும் முழங்கால் வரை சேறு. பட்டியலை என் முன்னால் வைத்தார்.

“தங்கச்சி, இதில கிடக்கிற வீட்டுக்குப் போயிற்று வாறன். வயலுக்குள்ளால நிந்தவூருக்கு. அங்க சி.சி.யிட தங்கச்சிதான் இருக்கா. அவர் கலியாணம் முடிச்சுப் போய் இருவது வருசமாம்.”

அந்த நாட்களில் அவர் தனியாக நிந்தவூருக்குப் போனதே பெரிய விஷயம். சி.சி.யின் தங்கை அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து, தன் மகனை ஊர் எல்லை வரை துணைக்கு அனுப்பியிருக்கிறார். ஆனால் பெட்டி இருப்பது சாய்ந்தமருதில். அந்தப் பக்கம் தடையில் யாரையும் விடவில்லை. சி.சி. நிந்தவூர்க்காரர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், அதனால் பட்டியலைப் பார்த்தபோது அண்ணனுக்குச் சந்தேகம் வரவில்லை.

தாளில் நான் அடித்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெட்டி முத்திரையைக் குத்தி நானே ஒரு துண்டு எழுதித் தருகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றார். தலைப்பு வயல்காரர்களுக்கு சி.சி.யின் கையெழுத்துத் தெரியும். “பொய்த் துண்டோட போய், உங்கட வக்கடையைக் கட்டுங்க எண்டு நான் சொன்னா, இண்டைக்குத் தண்ணிச் சண்டை, நாளைக்கு ஊர்ச் சண்டை. மகளுக்கு இன்னொரு மாப்பிள்ளை பாக்கலாம்” என்று எழுந்து போனார். அன்றும் மறுநாளும் நான் சாப்பிட்டதாக நினைவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் சாமான் வாங்குவதற்காக இரண்டு மணித்தியாலம் ஊரடங்கைத் தளர்த்தினார்கள். என் வாசலில் எங்கள் ஊர் இளைஞர்கள் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். நடுவில் சி.சி. நின்றார், சாரத்தின் கரையெல்லாம் கடல் மணல். வீதியில் விடமாட்டார்கள் என்று சாய்ந்தமருதிலிருந்து கடற்கரையாலேயே நடந்து வந்திருக்கிறார். கரையில் இவர்கள் மறித்திருக்கிறார்கள். தண்ணிக் கந்தோர் மனிதர் என்று ஒருவன் அடையாளம் கண்டதால் என் வீட்டுக்குக் கூட்டி வந்தார்களாம். கண்டிருக்காவிட்டால் என்று நான் இன்றைக்கும் நினைப்பதுண்டு. அவர் சட்டைக்குள்ளிருந்து பொலித்தீனில் சுற்றிய முறைக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்டதற்கு, இரண்டு நாளாகப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்ததாகச் சொன்னார். ஒருவரும் வராவிட்டால் பிழை வராதவருடையது அல்ல, எங்களுடையதாகத்தான் இருக்கும் என்று தோன்றியதாம். நான் பட்டியலைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயருக்கு நேரே இருந்ததை இரண்டு தடவை வாசித்தார்.

“இத நானும் வாசிச்சனான்தான் புள்ள” என்றார். “எங்கட ஊடு எண்டுதான் கிடந்திச்சி. சரியெண்டு கையொப்பம் வெச்சன்.”

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஐம்பது வயதை எட்டிய மனிதர், இருபது வருடமாக வேறு வீட்டில் வாழ்கிறவர், தாயின் வீட்டைப் பார்த்ததும் எங்கட ஊடு என்று வாசித்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் ஆண்கள் எல்லாரும் அப்படித்தான். மனைவியின் வீட்டில் அறுபது வருடம் வாழ்ந்தாலும் ‘எங்கட ஊடு’ என்றால் அது தாய் வீடு.

கணபதிப்பிள்ளை அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினேன். மீதி இரண்டு நாள்தான் இருந்தது. சி.சி. கொப்பியைப் பார்த்து, தலைப்பில் உள்ள வக்கடைகள் எல்லாவற்றையும் உடனே கட்டி, மீதித் தண்ணீர் முழுவதையும் கடைசி வயல்களுக்கு விடும்படி எழுதினார். கட்ட வேண்டியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினார். அண்ணன் துண்டை வாசித்துவிட்டு, இந்த மேட்டு வயலுக்கு இன்னும் தண்ணீர் ஏறவில்லையே, அது கடைசி நாளில்தான் ஏறும், அதையும் கட்டுவதா என்று கேட்டார். எழுதினது எழுதினதுதான் என்றார் சி.சி. நான் அந்தப் பெயர்களை வாசிக்கவில்லை. ஒருமுறை யோசிக்காமல் அடித்துப் பட்டது போதாதென்று அன்றும் வாசிக்கவில்லை. ஊரடங்கு திரும்புவதற்குள் அவர் கடற்கரையாலேயே திரும்பினார், எல்லை வரை அண்ணன் கூடப் போனார்.

சி.சி.யின் கையெழுத்தைக் கண்டதும் தலைப்பு வயல்காரர்கள் கட்டிவிட்டார்கள். ஒரு சத்தம் இல்லை. இரண்டு நாள் தண்ணீரில் கடைசி வயல்கள் தப்பின. அந்த வெட்டோடு கணபதிப்பிள்ளையின் மகளுடைய வீட்டுக்கு ஓடு போட்டார்கள், ஆவணியில் கல்யாணம். சி.சி. வந்து பலகாரம் மட்டும் சாப்பிட்டு, மாப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டேன். இனி எந்தப் படிவத்திலும் இந்த வீட்டு விலாசத்தை எழுது என்று சொன்னாராம்.

பிறகு மேலே இருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வேப்பமரத்தடியை மறக்காத அந்த அதிகாரிதான். கோப்புகளை வீட்டுக்குக் கொண்டுபோனது ஏன், அப்படிக் கொண்டுபோயும் மூன்றாம் வாய்க்காலுக்கு இரண்டு நாள் தாமதமானது ஏன். சி.சி. பதிலைச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். “விலாசங்களைச் சரிபார்க்காத பிழை முழுவதும் என்னுடையது. இதில் வேறெவருக்கும் பங்கில்லை.” அந்த இடத்தில் என் விரல் நின்றது. அவர் என்னைப் பார்க்காமல் அடுத்த வரியைச் சொன்னார். நான் அடித்தேன். ஒரு ஒற்றுப் பிழை இல்லாமல் அடித்தேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அவருடைய தனிக்கோப்பில் ஏறியது. வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அவர் ஓய்வு பெறும்வரை அதைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. அவர் கதைக்காதது பெருந்தன்மை. நான் கதைக்காதது பயம், வேறொன்றும் இல்லை.

புதுப் பட்டியலுக்கு, இரவில் எந்த வீட்டில் படுக்கிறீர்களோ அந்த வீட்டு விலாசத்தை அவரவர் கையால் எழுதும்படி கேட்டார். மனைவியோடு கோபித்துக்கொண்டு ஒரு மாதமாகத் தாய் வீட்டில் இருந்த ஒருவருடைய கதை அதனால் வெளிவந்தது. சி.சி. நேரில் போய் அவரை மனைவியிடம் விட்டுவிட்டு வந்து, பட்டியலைத் திருத்த வேண்டியதில்லை என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை வீதி மூடியது. எங்கள் பெட்டிகள் ஒரு தடவைகூடத் தவறவில்லை. கல்முனைப் பகுதியில் வேறு இரண்டு மூன்று கந்தோர்க்காரர்கள் வந்து எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள்.

அடக்கத்தன்று நான் போய்ச் சேர்ந்தபோது வீடு நிறைய ஆட்கள். பெண்களோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஜனாஸாவைத் தூக்கியபோது யன்னலால் பார்த்தேன். மையவாடிக்கு அடக்கம் செய்யப் போன கூட்டத்தில், தோளில் துவாய் போட்டபடி கணபதிப்பிள்ளை அண்ணனும் மகளுடைய புருஷனும் நடந்தார்கள். றஹ்மத்தும்மாவை நான் ராத்தா, அக்கா, என்றுதான் கூப்பிடுவேன்; அன்று அவரோடு கதைக்க முடியவில்லை. பத்து நாள் கழித்துப் போனேன். புருஷனை இழந்தவர்கள் வெளியே போகாமல் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தார். வெள்ளை உடுத்தி, பாயில் சுவரோடு சாய்ந்திருந்தார். பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

கொஞ்ச நேரம் சி.சி.க்கு வந்த நெஞ்சு வலியைப் பற்றியும் ஆஸ்பத்திரியைப் பற்றியும் சொன்னார். பிறகு, அந்த வருடம் தன்னுடைய மேட்டு வயல் முழுவதும் சப்பியாகப் போனது எனக்குத் தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது. மூன்றாம் வாய்க்காலின் தலைப்பில் இருந்த அந்த மேட்டு வயல், ராத்தாவுக்கு அவருடைய உம்மா கொடுத்த சீதன வயல். என் வீட்டு மேசையில் வைத்து எழுதிய துண்டில் கடைசிப் பெயர் றஹ்மத்தும்மா. சி.சி. வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. வெட்டுக்குப் போனபோதுதான் ராத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு மாதம் புருஷனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

“மறுகா ஒரு நாள் சோறு வெக்கக்குள்ள சொன்னாரு. பிழை என்ட விலாசத்தில. ஈடு குடுக்க எனக்கெண்டு இந்த ஊருல ஒரு வரம்பும் இல்ல. ஒன்ட வயல்தான் கிடந்திச்சி. கேட்டா மாட்டன் எண்டுவா, அதான் கேக்கல்ல எண்டாரு.”

என்னால் அதற்கு மேல் இருக்க முடியவில்லை. “ராத்தா, அந்தப் பட்டியல அடிச்சது நான்” என்றேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன்.

“தெரியும் புள்ள. அண்டைக்கே சொன்னவரு. அப்ப அந்தப் புள்ளயிட பேரையும் கடிதத்தில போட்டா என்ன எண்டு நான்தான் கேட்டன். கையொப்பம் என்ட, அது கண்டத அடிச்சிச்சி, நாளைக்கும் என்ட முகத்தப் பாத்து வேலை செய்ய வேணாமா எண்டு என்னையத்தான் ஏசினாரு.”

நான் அழுதுகொண்டிருந்தேன். ராத்தா அழவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“எனக்கு ஒங்களில கோவம் இல்ல. அவரிலதான் இரிந்திச்சி. தகரப்பெட்டி வெக்கிறதுக்கு என்னக்கிட்ட கையொப்பம் கேட்ட மனிசன், வயலுக்குக் கேக்கல்ல. கேட்டிருந்தா குடுத்திருப்பன் புள்ள. அத அவருக்கிட்ட நான் சொல்லவே இல்ல.”

பிறகு அடக்கத்தன்று நடந்ததைச் சொன்னார். ஜனாஸாவை எடுக்கும் முன் மகன் உள்ளே வந்து, உம்மா, வாப்பாவைப் பொருந்திக்கிட்டீங்களா என்று கேட்டானாம். பிரிந்து போகிறவரின் குற்றம் குறைகளை மன்னித்து அனுப்புவதற்கு அவர்கள் கேட்கும் கேள்வி அது.

“பொருந்திட்டன் மவன் எண்டன். வயலையும் சேத்துத்தான் எண்டு மனசுக்குள்ள சொன்னன். அது அவருக்குக் கேட்டிரிக்குமா?”

கேட்டிருக்கும் என்று சொன்னேன். இதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றபோது, எழுதுங்கள், வயலைப் பற்றியும் எழுதுங்கள், அவரை ஒரு மகான், ஒரு அவ்லியா ஆக்கிவிடாதீர்கள் என்றார். அதனால் எழுதினேன்.

நானா, நான் உங்கள் மார்க்கத்தவள் இல்லை. உங்களுடைய அந்தச் சொல் எங்களிடத்தில் இல்லை. இருந்தாலும் அதைக்கொண்டுதான் கேட்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கு விரல் நின்ற இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். என்னையும் பொருந்திக்கொள்ளுங்கள்.